உள்ளங்கையில் ஒரு குதிரைப்படை

இங்கிலாந்து நாட்டின் நாட்டிங்ஹாம் நகரிலிருந்து பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகும் விந்தையான சரக்கு ஒன்று உண்டு. அது குதிரைப்படை! கவசம் பூண்ட வீரர்கள், ஓநாய்களின் மேல் ஏறிய குட்டிப் பூதங்கள், சிறகு முளைத்த பரிகள், காட்டுப்பன்றிகளின் மேல் அமர்ந்த அரக்கர்கள் என்று அப்படையில் பல வகை. ஆனால் ஒரு வீரனை நிற்க வைத்தால் உயரம் சுமார் 28 மில்லிமீட்டர்தான். உறுப்புகள் தனித்தனியாக ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியபடி பெட்டியில் வரும். வாங்கியவர் அவற்றை வெட்டியெடுத்து, இணைத்து, வண்ணம் தீட்டி, மேசைமேல் அணிவகுத்துப் பகடை உருட்டிப் போர் புரிகிறார். சிறுவர் விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். நரைத்த தலைகளையும் அந்த மேசைகளைச் சுற்றிக் காணலாம்.

இவ்விளையாட்டின் பூர்வீகம் நமக்கு அந்நியமானதன்று. தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையை வைத்து ஆடிய சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகம் வழியே ஐரோப்பா சென்றது. 1780-ல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரில் ஹெல்விக் என்பவர் சதுரங்கத்தை விரிவாக்கி, மலையும் ஆறும் கொண்ட பெரிய பலகையில் ஆடும் போர் விளையாட்டு ஒன்றை அமைத்தார். 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி உருவாக்கிய விளையாட்டை அந்நாட்டு இராணுவமே பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டது. விஞ்ஞானக் கதைகளால் புகழ்பெற்ற எச். ஜி. வெல்ஸ் 1913-ல் பொம்மைப் படைவீரர்களை வைத்து ஆடுவதற்கு விதிமுறை நூல் ஒன்றை எழுதினார். பறக்கும் நாகங்களும் மந்திரவாதிகளும் இந்தப் போர்க்களத்தில் புகுந்தது 1971-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'செயின்மெயில்' என்னும் விதிநூலின் பின்னிணைப்பு வழியாக. 1983-ல் இங்கிலாந்தில் 'வார்ஹாமர்' வெளிவந்தபின் கற்பனைப் படைகளின் பொம்மைகளே ஒரு பெருந்தொழிலாயின.

வரலாறு இத்துடன் நிற்கட்டும். பௌதிகம் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு சுவையான கேள்வி காத்திருக்கிறது. ஓர் உண்மைக் குதிரையை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் அந்தப் பொம்மை கிடைத்துவிடுமா? கிடைக்காது. ஏனெனில் குதிரையோடு சேர்ந்து சுருங்க மறுக்கும் பொருள்கள் பல உள்ளன. பொம்மையை ஒட்டுபவரும் வண்ணம் தீட்டுபவரும் படும் பாடெல்லாம் இவற்றோடுதான்.

எடை சுருங்கும் வேகம்

இப்பொம்மைகளின் அளவுத்திட்டம் ஏறத்தாழ 56-க்கு 1 என்பர். தோள்வரை 1.6 மீட்டர் உயரமுள்ள குதிரை 28.6 மி.மீ. ஆகிவிடும். நீளம் 56 மடங்கு குறைந்தால் பரப்பு 56 × 56, அதாவது 3,136 மடங்கு குறையும். கன அளவோ 1,75,616 மடங்கு குறையும். 500 கிலோ எடையுள்ள குதிரையின் கன அளவை அரைக் கனமீட்டர் என்று கொள்வோம். சுருக்கினால் அது 2.85 கன சென்டிமீட்டர். பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.05, எனவே திண்மப் பிளாஸ்டிக் குதிரையின் எடை 3 கிராம். அதையே வெள்ளீயத்தில் வார்த்தால் அடர்த்தி 7.3 ஆதலால் சுமார் 21 கிராம்.

எடை கன அளவைப் பொறுத்துக் குறைகிறது. அதைத் தாங்கும் காலின் வலிமையோ குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்துத்தான் குறைகிறது. ஆகவே காலில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கவேண்டிய பளு 56-ல் ஒரு பங்காகிவிடுகிறது. 1638-ல் வெளியான தம் நூலில் கலிலியோ விளக்கிய உண்மை இது. பெரிய விலங்குக்கு எலும்பு ஏன் தடித்திருக்கிறது என்பதற்கு அவர் காட்டிய காரணமும் இதுவே.

இதன் பயனைச் சிற்பிகளின் அனுபவத்தோடு ஒப்பிட்டால் நன்கு விளங்கும். முன்னங்கால்களைத் தூக்கிய குதிரையைப் பேரளவில் வடிப்பது எளிதன்று. ஸ்ரீரங்கத்தில் சேஷராயர் மண்டபத்துக் கற்குதிரைகள் பாய்ந்தெழுந்து நிற்கின்றன; ஆனால் பின்னால் தூணும் அடியில் வீரர் உருவங்களும் அவற்றுக்குத் துணை நிற்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். மாட்ரிட் நகரில் மன்னர் நான்காம் பிலிப்பின் வெண்கலச் சிலையை 1640-ல் முடித்த பியத்ரோ தக்கா, பின்னங்கால்களும் வாலுமே முழு எடையையும் தாங்குமாறு செய்தார். பின்பகுதியைக் கனமாகவும் முன்பகுதியை உள்ளீடற்றதாகவும் வார்த்ததே அதன் உபாயம். கலிலியோவிடம் யோசனை கேட்டே இதைச் செய்தார் என்ற செய்தியும் வழங்கி வருகிறது. நம் பிளாஸ்டிக் குதிரைக்கோ இந்தத் தொல்லை இல்லை. ஒற்றைக் குளம்பு புல்தரையைத் தொட்டால் போதும், வீரனையும் சுமந்துகொண்டு காற்றில் பாய்ந்தபடி நிற்கும்.

பாய்ச்சல் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பழைய ஓவியங்களில் ஓடும் குதிரை முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களை பின்னும் நீட்டிக்கொண்டு பறக்கும். 1878-ல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் வரிசையாகக் காமிராக்களை வைத்து எடுத்த படங்கள் வேறொன்றைக் காட்டின. நான்கு குளம்பும் தரையை விட்டு எழும் கணம் உண்மையிலேயே உண்டு. ஆனால் அப்போது கால்கள் நீண்டிருப்பதில்லை, வயிற்றுக்கடியில் மடங்கிச் சேர்ந்திருக்கின்றன. பொம்மையில் கால்களைத் தனித்தனியாக ஒட்ட நேரும்போது இதை நினைவில் வைப்பது நல்லது.

இன்னொரு பக்கமும் உண்டு. வாளின் தடிமன் உண்மையில் 5 மி.மீ. என்றால் பொம்மையில் 0.09 மி.மீ. இருக்க வேண்டும். அவ்வளவு மெல்லியதாக வார்க்கவும் முடியாது, வார்த்தாலும் விரல் பட்டதும் வளையும். விரல் சுருங்கவில்லை அல்லவா? ஆகவே அரை மில்லிமீட்டர் தடிமனில் வார்க்கிறார்கள். பெருக்கிப் பார்த்தால் 28 மி.மீ.; வீரன் ஏந்தியிருப்பது வாளன்று, பலகை! கடிவாளமும் ஈட்டியும் இப்படியே பருத்தவை. கண் இதைப் பொறுத்துக்கொள்கிறது.

கவிழாமல் இருக்க

குதிரைவீரன் நிற்கும் அடித்தட்டு பழைய வார்ஹாமர் முறையில் 25 மி.மீ. அகலமும் 50 மி.மீ. நீளமும் உடையது. முன்பின்னாக அது கவிழ்வது அரிது. பக்கவாட்டில்தான் ஆபத்து. பொம்மை, தட்டு எல்லாம் சேர்ந்து 6 கிராம் என்றும், புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 24 மி.மீ. உயரத்தில் இருக்கிறதென்றும் வைத்துக்கொள்வோம். தட்டின் பாதி அகலம் 12.5 மி.மீ. புவியீர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு தட்டின் விளிம்பைத் தாண்டினால் பொம்மை சாயும். கணக்கிட்டால் 27½ பாகை சாய்வில் அது நேரும். விளையாட்டு மேசையில் குன்றுகளும் சரிவுகளும் உண்டு, ஆட்டக்காரரின் சட்டைக் கையும் உண்டு!

இதற்கு மருந்து இரும்புக்கடையில் கிடைக்கிறது. தட்டின் அடிப்பகுதி உள்ளீடற்றது. அதனுள் மொத்தம் 6 கிராம் எடையுள்ள இரண்டு எஃகு வாஷர்களை ஒட்டுங்கள். அவற்றின் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 1 மி.மீ. உயரத்தில் இருக்கும். இப்போது மொத்தத்தின் மையம் 12.5 மி.மீ. உயரத்துக்கு இறங்கிவிடும். கவிழும் கோணம் 45 பாகை. தலையாட்டி பொம்மை ஏன் விழுவதில்லை என்பதும் இதே தத்துவந்தான்.

சிறகுள்ள குதிரையாயின் ஒட்டும்போதே சிக்கல் வந்துவிடும். நீண்ட சிறகு ஒரு நெம்புகோல். அதன் எடை சிறிதானாலும் தோள் மூட்டிலிருந்து தொலைவில் செயல்படுவதால் ஒட்டிய இடத்தில் திருப்புத்திறன் மிகும். உலோகச் சிறகை வெறும் பசையால் நிறுத்த முயல்வது வீண். இரு பக்கமும் நுண்ணிய துளையிட்டுப் பித்தளைக் கம்பி ஒன்றைச் செருகி ஒட்டுகிறார்கள். பிளாஸ்டிக் சிறகுக்குக் கம்பி தேவையில்லை. ஏன்? பசையின் வகை வேறு.

பாலிஸ்டைரீனை ஒட்டும் பசை உண்மையில் பசையே அன்று, ஒரு கரைப்பான். பியூட்டைல் அசிட்டேட் போன்ற திரவம் இரு பரப்புகளையும் சற்றே கரைக்கிறது. நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் இளகி, ஒரு துண்டிலிருந்து மற்றதற்குள் நுழைந்து பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானபின் இரு துண்டும் ஒரே பிளாஸ்டிக். உலோகத்தை இது கரைக்காதாகையால் அங்கே பயன்படாது. உலோகத்துக்கு வேண்டியது சயனோ அக்ரிலேட். 'சூப்பர் குளூ' என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதுதான். 1942-ல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்பவர் கண்டு, எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்கிறதே என்று ஒதுக்கிவைத்த பொருள்! 1958-ல்தான் அது விற்பனைக்கு வந்தது. காற்றிலும் பொருளின் மேலும் உள்ள சிறு ஈரமே அதைக் கணத்தில் இறுகச் செய்கிறது. விரலில் பட்டால் உடனே பிடித்துக்கொள்வதும் தோலின் ஈரத்தினால்தான். இரண்டு வகைப் பசைக்கும் சன்னல் திறந்த அறை வேண்டும்.

வண்ணம் பூசிய பரப்பில் கரைப்பான் பசை பயன்படாது என்பதையும் கவனிக்க வேண்டும். அது பிளாஸ்டிக்கைத் தொடாமல் மேலுள்ள படலத்தில் மட்டும் பிடிக்கும். படலம் உரிந்தால் வீரனும் சேணத்தை விட்டு இறங்கிவிடுவான். ஆகவே குதிரையையும் வீரனையும் தனித்தனியே தீட்டுவோர், இணையும் இடங்களை மட்டும் வண்ணமின்றி விடுகிறார்கள். தனித்தனியே தீட்டுவது ஏன் என்றால், வீரனை ஏற்றிய பின் சேணத்துக்கும் கேடயத்துக்கும் உட்புறம் தூரிகை நுழையாது.

பழைய உலோகப் பொம்மைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1990-களுக்கு முன் வார்க்கப்பட்டவற்றில் காரீயம் கலந்திருப்பது சாதாரணம். அவற்றை அரத்தால் தேய்த்த தூளை முகரக் கூடாது, குழந்தைகள் வாயில் வைக்கவும் விடக் கூடாது. ஓக் மரப் பேழையில் வைத்தால் மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி காரீயத்தை அரித்து வெண்தூளாக்கிவிடும்.

துளி நீரின் ஆட்சி

வண்ணப் படலத்தின் தடிமனும் சுருங்காது. காய்ந்த ஒரு பூச்சு 20 மைக்ரான், அதாவது 0.02 மி.மீ. என்று கொண்டால், பெருக்கிப் பார்க்கையில் 1.1 மி.மீ. ஆகிறது. ஐந்து பூச்சு பூசினால் குதிரைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் சுவர்ப்பூச்சு பூசியது போல! பிடரி மயிரின் வரிகளும் கவச ஆணிகளும் அதில் புதைந்துபோகும். அக்ரிலிக் வண்ணத்தை நீர் விட்டுப் பாலைப் போல் இளக்கிப் பூசச் சொல்வது இதனால்தான்.

தூரிகை நீருக்குள் இருக்கையில் மயிர்கள் விரிந்திருக்கும், வெளியே எடுத்ததும் ஒன்றுசேர்ந்து கூராகும் என்ற சோதனையைப் பரப்பு இழுவிசைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இத்தொழில் முழுவதும் அந்தக் கூரின் நுனியில் நடக்கிறது. நீரைப் பொறுத்தவரை ஏறத்தாழ 2.7 மி.மீ.க்குக் குறைந்த அளவுகளில் ஈர்ப்பு விசையைப் பரப்பு இழுவிசை வென்றுவிடும். உண்மைக் குதிரையின் மேல் வாளியால் ஊற்றிய நீர் வழிந்து கீழே போகும். பொம்மைக் குதிரையின் மேல் விட்ட நீரோ மேல், கீழ் என்று பாராமல் பள்ளங்களைத் தேடி ஓடும். 0.2 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடி நுண்குழலில் நீர் 15 செ.மீ. அளவுக்கு ஏறும் என்றால், நாலு சென்டிமீட்டர் உயரப் பொம்மை எம்மாத்திரம்?

இதையே கலைஞர்கள் வேலைவாங்குகிறார்கள். மிக நீர்த்த கருமையான வண்ணத்தைப் பொம்மை முழுவதும் தடவினால் அது தசை மடிப்புகளிலும் சேணவாரின் ஓரத்திலும் தானே போய்ச் சேரும். பார்க்க நிழல் விழுந்தது போலிருக்கும். ஆனால் சமதளமான பிட்டத்தில் தேங்கினால் அங்கே வளையமாகக் கறை விழும். மேசையில் சிந்திய காப்பித் துளி காய்ந்தால் நடுவில் வெளுத்து ஓரத்தில் கறுத்திருப்பதைக் கண்டிருக்கிறோம், அதே கறை. துளியின் ஓரம் பரப்போடு ஒட்டி நின்றுவிடுகிறது. அங்கே நீர் விரைந்து ஆவியாகிறது. அதை ஈடுசெய்ய நடுவிலிருந்து திரவம் ஓடிவருகிறது. வரும்போது நிறத்துகள்களையும் இழுத்து வருகிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விளக்கிக் கட்டுரை வெளியிட்டது 1997-ல்தான். காப்பிக் கறைக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது! தேங்கிய குட்டையை, காயுமுன், ஈரம் பிழிந்த தூரிகையால் தொட்டு உறிஞ்சிவிடுவதே இதற்குப் பரிகாரம்.

ஒளி சுருங்குவதில்லை

நிழல் தானாகவே விழுமே, அதை ஏன் தீட்ட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெயிலில் வைத்தால் பொம்மையின் நிழல்கள் உண்மைக் குதிரையின் நிழல்களைப் போலவே விழும். ஒளிக்கதிர் நேர்கோட்டில் செல்வதால் அளவு மாறினாலும் நிழலின் வடிவம் மாறாது. ஆனால் பொம்மை இருப்பது வெயிலிலன்று, அறையில். சூரியன் வானத்தில் அரைப் பாகை அகலமே தெரிகிறது. அதனால் நிழலின் விளிம்பு கூர்மை. நாலடி டியூப்லைட் 2 மீட்டர் உயரத்திலிருந்து பார்க்க 33 பாகைக்கு நீண்டு கிடக்கிறது. பொம்மையின் கணக்கில், 112 மீட்டர் உயரத்தில் 67 மீட்டர் நீள விளக்கு! போதாக்குறைக்கு வெள்ளைச் சுவர்களும் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. வயிற்றடி, தாடை, கால் மடிப்பு எங்கும் ஒளி புகுந்து நிழலைக் கழுவிவிடுகிறது. குதிரை தட்டையாகத் தெரிகிறது. அறை திருடிய நிழலைத் தூரிகை திருப்பித் தருகிறது, அவ்வளவே.

இதற்கு ஓர் அழகான குறுக்குவழி உண்டு. முதலில் பொம்மை முழுவதும் கறுப்பு அடித்துவிட்டு, பின் வெள்ளையைத் தலைக்கு மேலிருந்து மட்டும் தெளிப்பார்கள். தெளிப்புத் துளிகளும் ஒளியைப் போல் நேர்கோட்டில் செல்பவை. எங்கே துளி படவில்லையோ அங்கே உச்சி வெயிலும் பட்டிருக்காது. நிழலின் வரைபடம் ஒன்று பொம்மையின் மேலேயே கிடைத்துவிடுகிறது. அதன்மேல் மெல்லிய வண்ணம் பூசினால் வேலையில் பாதி முடிந்தது.

நிறத்தைச் சற்று வெளிறலாகத் தீட்ட வேண்டும் என்று இத்துறையில் ஒரு விதி சொல்வார்கள். ஒரு மீட்டர் தூரத்தில் பார்க்கும் பொம்மை, 56 மீட்டர் தூரத்தில் நிற்கும் குதிரைக்குச் சமம். இடையிலுள்ள காற்று நிறத்தை மங்கச் செய்யும் என்பது அவர்கள் தரும் காரணம். கேட்க நன்றாயிருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்கவில்லை. 20 கிலோமீட்டர் வரை கண்ணுக்கெட்டும் தெளிந்த நாளில் 56 மீட்டர் காற்று செய்யும் மாறுதல் நூற்றுக்கு ஒரு பங்குதான். உண்மைக் காரணம் கண்ணிலும் விளக்கிலும் இருக்கிறது. நண்பகல் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். வீட்டு அறையில் இருநூறு முந்நூறு. ஒளி குறைந்தால் நிறங்கள் பொலிவும் இழக்கின்றன என்பதை ஹண்ட் என்ற விஞ்ஞானி 1952-ல் எடுத்துக்காட்டினார். வெயிலில் செம்பழுப்பாக மின்னும் குதிரையின் நிறத்தை அப்படியே எடுத்து அறையில் வைத்தால் மண்நிறமாகத் தெரியும். ஆகவே வெளிறலாக்கினால் மட்டும் போதாது, செம்மையையும் கூட்ட வேண்டும்.

வெள்ளைக் குதிரைக்கு வெறும் வெள்ளை பூசுவதும் பொருந்தாது. வெள்ளையாகத் தோன்றும் குதிரைகளில் பெரும்பாலானவை பிறக்கும்போது கருமையாகவோ பழுப்பாகவோ இருந்து வயதோடு நரைத்தவை. அவற்றின் தோல் கறுப்பு. மயிர் குறைந்த மூக்கு நுனியிலும் கண்ணைச் சுற்றியும் அந்தக் கருமை தெரியும். அங்கே சாம்பல் நிறம் தீட்டினால் உயிர் வந்துவிடும்.

கடைசியாகக் கண். நம் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் தூரத்தில் அது 0.29 மி.மீ. வீரனின் திறந்த கண் உயரவாக்கில் 0.2 மி.மீ.தான். அதில் வெள்ளையும் கருவிழியும் பிரித்துத் தீட்டுவது பொறுமைக்குப் பெருமை, பார்வைக்கு இலாபமில்லை. அத்துடன் மிரண்டவன் போலவும் காட்டும். புருவத்தடியில் ஒரு கருநிழல் போதும். குதிரையின் கண் அப்படியன்று. உண்மையில் 4 செ.மீ. அளவுள்ள அது பொம்மையில் 0.7 மி.மீ. ஆகிறது, நன்றாகவே தெரியும். அதில் வெண்மை தெரிவது குதிரை மிரளும்போதுதான். ஆகவே முழுக் கருமை பூசிக் காயவிட்டு, குண்டூசி முனையால் பளபளக்கும் வார்னிஷ் ஒரு துளி வையுங்கள். பரப்பு இழுவிசை அதைக் குவிந்த ஆடியாக்கித் தரும். கண்ணில் மின்னும் வெண்புள்ளியை நீங்கள் தீட்ட வேண்டியதில்லை. அறையின் டியூப்லைட்டே அங்கே வந்து அமர்ந்துகொள்ளும்.